நைஹான்சி கட்டா: ஒரே கோட்டில் நகர்வது சுவருக்காகவா?

வாசகர் கேள்வி, 2024 பிப்ரவரி 3

இரண்டு ஆண்டுகளாக ஷோரின்-ரியூ என்ற ஒகினாவாத் தீவுக் கராத்தே வழியைப் பயில்கிறேன். எங்கள் வகுப்பில் முதலில் கற்பித்த கட்டா, அதாவது தனியாகச் செய்து பயிலும் வரையறுத்த அசைவுத் தொடர், நைஹான்சி ஷோதான். முன்னே ஓரடிகூட வைக்காமல் வலமும் இடமுமாக ஒரே கோட்டில் நகரும் இந்த வடிவம், முதுகுக்குப் பின்னே சுவர் இருக்கும்போது பலரை எதிர்கொள்வதற்காக அமைக்கப்பட்டது என்கிறார்கள். வயல் வரப்பு, படகின் தளம், குதிரைச் சவாரி என்று வேறு விளக்கங்களும் கேட்டிருக்கிறேன். இவற்றில் எது சரி? இதை உருவாக்கியவர் யார்?

2024 பிப்ரவரி 4, காலை

சுவர் விளக்கத்தை நான் ஏற்கவில்லை. பின்னே சுவர் இருப்பவனுக்கு ஆபத்து முதலில் முன்னாலிருந்துதான் வரும். நைஹான்சியிலோ முதல் அசைவிலேயே தலை வலப்பக்கம் திரும்பிவிடுகிறது. கால்கள் குறுக்கே கடந்து வலப்பக்கம் நகர்கின்றன, விரித்த கை வலப்பக்கம் செல்கிறது, முழங்கைத் தாக்குதலும் அங்கேயே விழுகிறது. எதிரில் நிற்பவர்களை விட்டுவிட்டு ஒருவன் இப்படிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பான் என்பது நம்பும்படியாக இல்லை.

குதிரை விளக்கம் பெயரிலிருந்து பிறந்த குழப்பம். ஃபுனாகோஷி கிச்சின் 1922இல் தோக்கியோவுக்குச் சென்று அங்கேயே தங்கிக் கராத்தேயைக் கற்பித்தபோது, ஒகினாவாப் பெயர்கள் பலவற்றை ஜப்பானிய ஒலிக்கும் பொருளுக்கும் ஏற்ப மாற்றினார். பினான் என்ற கட்டா வரிசை ஹெய்யான் ஆனது. நைஹான்சி தெக்கி ஆனது. தெக்கி என்றால் இரும்புக் குதிரை. நிற்கும் நிலை குதிரைமேல் அமர்ந்திருப்பவரை நினைவூட்டுவதால் அமைந்த பெயர் அது. பழைய பெயரில் குதிரை இல்லை. பின்னால் வந்த பெயரைக் கொண்டு முன்னால் இருந்த நோக்கத்தைச் சொல்ல முடியாது.

வரப்பு விளக்கமும் நிற்பதில்லை. இந்தக் கட்டாவைக் காத்தவர்களாக நாம் அறிபவர்கள் ஷூரி என்ற அரண்மனை நகரத்தைச் சார்ந்த பணியாளர் குடிகளைச் சேர்ந்தவர்கள். மாத்சுமுரா சோகோன் ஒகினாவாவை ஆண்ட ரியூக்யூ மன்னர்களிடம் பணியாற்றியவர். இத்தோசு அன்கோ அரசு அலுவலில் எழுத்தராக இருந்தவர். வயலில் சண்டையிடுவதற்கென்று தனி வடிவம் ஒன்றை அவர்கள் ஏன் நாள்தோறும் பயில வேண்டும்?

என் விடை எளியது. முன்னே அடி வைப்பதை இந்தக் கட்டா வேண்டுமென்றே பறித்துக்கொள்கிறது. அடியெடுத்துப் பாய்ந்து குத்தும்போது உடலின் எடையே பாதி வேலையைச் செய்துவிடுவதால், இடுப்பு சோம்பியிருப்பது வெளியே தெரியாது. பக்கவாட்டில் மட்டும் நகர அனுமதித்தால் அந்த உதவி போய்விடும். தொடையின் உட்புறமும் இடுப்பும் அடிவயிறும் உழைத்தால்தான் கையில் வலிமை வரும். எதிராளி எங்கே நிற்கிறான் என்று கேட்டால், நீங்கள் பார்க்கும் பக்கத்தில் நிற்கிறான். படத்தைத் தொண்ணூறு பாகை திருப்பிப் பாருங்கள்: அவன் உங்களுக்கு நேரே இருக்கிறான், நீங்கள் அவனுக்கு உடலை ஒருக்களித்துக் காட்டியபடி நிற்கிறீர்கள்.

2024 பிப்ரவரி 4, இரவு

காலையில் எழுதியதில் ஒரு திருத்தம். எல்லா நுட்பங்களும் பக்கத்தைப் பார்த்து நிகழ்வதுபோல் எழுதிவிட்டேன். நடுப்பகுதியில் முன்னோக்கியே செய்யும் தொடர் ஒன்று உண்டு: ஒரு கை நடுமட்டத்தில் தடுக்க, அடுத்த கணம் ஒரு கை மேலேயும் மற்றது கீழேயும் பிரிந்து செல்ல, பிறகு புறமுட்டியால் முகத்தை அடிப்பது. ஆகவே "பக்கம் மட்டுமே" என்பது கால்களுக்குப் பொருந்தும். கைகளுக்கும் கண்களுக்கும் முழுதாகப் பொருந்தாது. இது சுவர் விளக்கத்துக்குச் சற்று இடம் தருகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் கருத்து மாறவில்லை.

2024 பிப்ரவரி 9

உருவாக்கியவர் யார் என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரு மனிதரின் பெயரைச் சொல்ல முடியாது. சீனாவிலிருந்து வந்தது என்பது ஒகினாவாவின் மரபு. ஒகினாவாக் கராத்தே ஆசான் மோத்தோபு சோக்கி (1870–1944) கருதியது இது: நைஹான்சி, பஸ்ஸாய், சிந்தோ, ரோஹாய் ஆகிய கட்டாக்கள் சீனாவில் எஞ்சவில்லை, ஒகினாவாவில் மட்டுமே வாழ்கின்றன. பெயரைப் பெரும்பாலும் கட்டகானா ஒலியெழுத்தில்தான் எழுதுகிறார்கள். "உள்ளே அடிவைத்தல்" என்பது போன்ற பொருள் விளக்கங்கள் ஒலிக்குப் பிறகு பொருத்திய சீன எழுத்துகளைச் சார்ந்தவை. அவற்றை வேர்ச்சொல் ஆய்வாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வரலாறு ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. கற்பித்தல் வாய்மொழியாகவும் மறைவாகவும் நடந்தது. ரியூக்யூ அரசு 1879இல் ஜப்பானின் மாநிலமாக்கப்பட்டபோது அதன் பணியாளர் குடிகள் வாழ்வாதாரத்தை இழந்தன. 1945இல் நடந்த ஒகினாவாப் போர் ஷூரியை அழித்தது. மனிதர்களோடு ஏடுகளும் போயின. எஞ்சியிருப்பவை உடல்களில் காக்கப்பட்டவை. அதனால்தான் ஒரு பாதம் எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்பதுகூட நமக்கு ஆவணமாகிறது. இதைப் பிறகு விரிவாக எழுதுகிறேன்.

உறுதியாகத் தெரியும் முதல் பெரிய திருப்பம் இத்தோசு (1831–1915). ஒகினாவாப் பள்ளிகளுக்குள் கராத்தேயைக் கொண்டு சென்றவர் அவர். 1908 அக்டோபரில் அவர் எழுதிய பத்துக் கூற்றுகள் கொண்ட கடிதம் இன்றும் கிடைக்கிறது. பள்ளிச் சிறுவர்களுக்காக ஐந்து பினான் கட்டாக்களை அமைத்தவரும் அவரே. அதற்கு முன்பு ஷூரி மரபில் தொடக்கக் கட்டாவாக இருந்தது நைஹான்சிதான். அவருடைய மாணவர் சிபானா சோஷின் (1885–1969) வழிவந்த ஷோரின்-ரியூ வகுப்புகள் பலவற்றில் இன்றும் பினானுக்கு முன்னே நைஹான்சி வருவது அந்தப் பழைய வரிசையின் தொடர்ச்சி. உங்களுக்கு முதலில் கற்பித்த கட்டா இதுவாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

2024 பிப்ரவரி 11

நைஹான்சியின் முதல், இரண்டாம், மூன்றாம் கட்டாக்களான ஷோதான், நிதான், சந்தான் மூன்றையும் இத்தோசுதான் படைத்தாரா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஷோதான் அவருக்கு முந்தியது. நிதானையும் சந்தானையும் அவர் அமைத்தார் என்பது பரவலான கருத்து. மூன்றும் ஒரு காலத்தில் ஒரே நீண்ட கட்டாவாக இருந்தன என்று சொல்பவர்களும் உள்ளனர். செய்து பார்த்த அளவில் நான் முதல் கருத்தின் பக்கம் சாய்கிறேன். ஷோதானில் ஒவ்வோர் அசைவும் அடுத்ததைப் பிடித்து இழுத்து வருகிறது. மற்ற இரண்டிலும் எனக்கு அந்த இழுப்பு கிடைப்பதில்லை. பாடம் நடத்தும் ஆசிரியரின் கை அவற்றில் தெரிகிறது. இது சான்று அன்று, உடலில் உணர்ந்தது மட்டுமே.

2024 பிப்ரவரி 18

பாதங்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

பத்தொன்பது வயதில் நான் முதலில் கற்றது தெக்கி. தோளகலத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரித்த கால்கள், ஆழமாகத் தாழ்ந்த தொடைகள், வெளியே தள்ளிய முழங்கால்கள். பிறகு முப்பதைக் கடந்தபின் ஷோரின்-ரியூ கற்கத் தொடங்கியபோது, அதே கட்டா குறுகிய, உயர்ந்த நிலையில் இருப்பதைக் கண்டு முதலில் அதை ஒரு தளர்ச்சியாகவே எண்ணினேன். தாழ்ந்த நிலைதான் கடுமையானது, ஆகவே உண்மையானது என்று என் மனம் பழகியிருந்தது.

அந்த வகுப்பில் கால்விரல்களை உள்ளே திருப்பி, இரு பாதங்களாலும் தரையை நடுவே இழுப்பதுபோல் இறுக்கச் சொன்னார்கள். இத்தோசுவின் வழியில் வந்ததாகச் சொல்லப்படும் முறை அது. நான் பழைய பழக்கத்தால் ஆழமாகவும் தாழ்ந்துகொண்டு, விரல்களையும் உள்ளே திருப்பி, முழங்கால்களை வெளியே தள்ளினேன். பாதம் ஒரு திசையில் முறுக, முழங்கால் எதிர்த்திசையில் போக, நடுவே மூட்டு மாட்டிக்கொண்டது. எட்டு மாதங்களில் இடது முழங்காலின் உட்புறத்தில் வலி நிலைத்துவிட்டது; படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்க வேண்டியிருந்தது. கற்பித்தவர் வலியைப் பொறுத்துக்கொண்டு தொடரச் சொன்னார். அந்த அறிவுரை தவறு என்று இன்றும் நினைக்கிறேன்.

அப்போதுதான் மோத்தோபு சோக்கியின் படங்களைக் கண்டேன். 1932இல் அவர் வெளியிட்ட நூலில் அவரே நைஹான்சி ஷோதானைச் செய்து காட்டும் படங்கள் உள்ளன. அகன்ற தோள்களும் கனத்த உடலும் கொண்ட அறுபது வயது மனிதர். கால்கள் அளவாக விரிந்து, முழங்கால்கள் மெல்ல வளைந்து, எந்த இறுக்கமும் இல்லாமல் நிற்கிறார். இத்தோசுவிடமும் தோமாரியைச் சேர்ந்த மாத்சுமோரா கோசாக்குவிடமும் கற்றவர் அவர். விரல்களை உள்ளே திருப்பி இறுக்கும் முறையை அவர் ஏற்கவில்லை. அப்படி நிற்பவன் எளிதில் நிலை தடுமாறுவான் என்பது அவர் வாதம். நைஹான்சியில் கற்கும் கால், இடுப்பு நிலையே கராத்தேயின் அடிப்படை என்றும், அந்த நிலையை வலமோ இடமோ திருப்பினால் உண்மைச் சண்டையில் நிற்கும் நிலை கிடைத்துவிடும் என்றும் அவர் கருதினார். பிப்ரவரி 4 அன்று நான் எழுதிய தொண்ணூறு பாகைக் கருத்து என்னுடையது அன்று என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். அது அவர் வழியாக எனக்கு வந்தது.

பாதங்களை நேராக வைத்துக்கொண்ட பிறகு என் முழங்கால் ஆறு வாரங்களில் சீரானது. ஆகவே உள்ளே திருப்பும் முறை பிழை என்பது என் முடிவு.

2024 பிப்ரவரி 25

மேலே உள்ள கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன்.

ஒரு வாரம் மொட்டை மாடியில் இரு முறைகளையும் மாற்றி மாற்றிச் செய்தேன். இம்முறை நிலையைத் தாழ்த்தவில்லை. தோளகலத்தைவிடச் சற்றே கூடுதலாக விரித்து, விரல்களை மிகச் சிறிதளவே உள்ளே திருப்பி, முழங்கால்களைப் பாதத்தின் திசையிலேயே விட்டேன். வலி வரவில்லை. மாறாக, தொடையின் உட்புறத் தசைகள் விழித்துக்கொள்வதும், இடுப்பு தானாகவே உள்ளே சுருள்வதும், பாதத்தின் வெளிவிளிம்பு தரையைப் பற்றுவதும் நேர்நிலையைவிட விரைவாகப் புலப்பட்டன. அப்படியானால் என் முழங்காலைக் கெடுத்தது உள்ளே திருப்பும் முறை அன்று. ஒரு மரபின் ஆழத்தையும் மற்றொரு மரபின் கோணத்தையும் நான் ஒரே மூட்டில் சேர்த்து வைத்ததுதான்.

இத்தோசுவின் கடிதம், நிமிர்ந்து நின்று, தோள்களைத் தாழ்த்தி, கால்களுக்கு வலிமை தந்து தரையில் வேரூன்றுவதுபோல் நின்று, ஆற்றலை அடிவயிற்றில் இறக்கச் சொல்கிறது. பள்ளியில் நூறு சிறுவர்களை வரிசையாக நிறுத்திக் கற்பிப்பவருக்கு, வேரூன்றலை உடனே உணர்த்தும் ஒரு வழி தேவை. விரல்களை உள்ளே திருப்புவது அந்த வழியாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். மோத்தோபு பேசுவது ஏற்கெனவே வேரூன்றியவன் தாக்கப்படும் கணத்தைப் பற்றி. நான் ஒருவரைக் கொண்டு மற்றவரை மறுத்தது அவசரம்.

2024 மார்ச் 3

கைநுட்பங்களைப் பற்றி இருவர் கேட்டுள்ளனர். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான் என்பதால் நீண்டுவிடும்.

ஷோதானின் முதல் பாதி இப்படிச் செல்கிறது. இடக்காலை வலக்காலின் முன்னே குறுக்காகக் கடத்தி, வலக்காலை உயர்த்திப் பக்கத்தில் ஊன்றி, விரித்த வலக்கையின் புறத்தால் வலப்பக்கம் எதிர்கொள்கிறோம். அந்த உள்ளங்கையை நோக்கி இட முழங்கை வருகிறது. இரு முட்டிகளும் வல இடுப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. தலை இடப்பக்கம் திரும்ப, இடக்கை கீழே வீசித் தடுக்கிறது. அது இடுப்புக்குத் திரும்பும்போதே வலக்கை கொக்கிபோல் வளைந்து மார்புக்குக் குறுக்கே குத்துகிறது. இதுதான் ககி-சுகி. பிறகு இடப்பக்கம் கடந்து சென்று, நான் முன்பு சொன்ன முன்னோக்கிய தொடர். அதன்பின் இரு புறமும் பாதத்தை அலைபோல் மடக்கி எடுப்பது. முடிவில் இரு கைகளும் ஒரே நேரத்தில் இடப்பக்கம் குத்துவது. பின்பு முழுவதும் மறுபுறமாக மீண்டும் ஒரு முறை.

பல ஆண்டுகள் இவற்றைத் தடுப்பு, அடி, தடுப்பு, அடி என்று தனித்தனியாக எண்ணியே செய்தேன். அப்படி எண்ணும்வரை ககி-சுகிக்குப் பொருளே கிடைக்காது. தொலைவில் நிற்பவனை அந்தக் குத்து எட்டாது. இடக்கை வெறுமனே இடுப்புக்குத் திரும்பவில்லை, எதிராளியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்புகிறது என்று வைத்துப் பாருங்கள். இழுக்கப்பட்டவன் நெஞ்சோடு ஒட்ட வந்து நிற்கிறான். அந்த நெருக்கத்தில் நேராகக் கை நீட்ட இடமில்லை; வளைந்த குத்துக்குத்தான் இடமிருக்கிறது. முழங்கைத் தாக்குதலும் அப்படியே. விரிந்திருக்கும் வலக்கை காட்சிக்கான இலக்கு அன்று, எதிராளியின் தலையையோ கழுத்தையோ முழங்கையை நோக்கிக் கொண்டுவரும் கை.

மோத்தோபு இதைக் குறித்த பெயர் மெயோத்தோ-தே, அதாவது கணவன் மனைவிக் கைகள். இரு கைகளும் ஒரே வீட்டு வேலையைப் பகிர்ந்து செய்பவைபோல் எப்போதும் அருகருகே இயங்க வேண்டும்; முன்னே இருக்கும் கையே தடுத்து அதே கையே அடிக்க வேண்டும்; பின்னே இருக்கும் கை துணை நிற்க வேண்டும். 1926இல் அவர் வெளியிட்ட நூலில் உள்ள பன்னிரண்டு இணைப் பயிற்சிகளும் இந்த நெருங்கிய தொலைவில்தான் நடக்கின்றன. இத்தோசுவின் கடிதமும், உள்ளே நுழைதல், தடுத்தல், விடுவித்தல், பிடித்தல் ஆகியவற்றில் பல வாய்மொழியாக வழங்குவதாகச் சொல்கிறது. பிடிகள் கட்டாவுக்குள் உள்ளன என்பது பின்னாளில் யாரோ கற்பனை செய்து சேர்த்தது அன்று.

2024 மார்ச் 5

ஒட்சுகா ஹிரோனோரி நிறுவிய வாதோ-ரியூ என்ற கராத்தே வழியில் இந்தக் கட்டா ஏன் பழைய பெயரிலேயே இருக்கிறது என்று ஒரு கேள்வி. ஒட்சுகா முதலில் ஃபுனாகோஷியின் மாணவர், மோத்தோபுவிடமும் கற்றவர். தம் வழியில் தெக்கி என்ற பெயரை ஏற்காமல் நைஹான்சி என்றே வைத்துக்கொண்டார். கோஜு-ரியூ என்ற மற்றொரு வழியில் இந்தக் கட்டாவைத் தேட வேண்டாம். அது ஒகினாவாவின் நாஹா நகர மரபு. அங்கே வேரூன்றலைக் கற்பிக்கும் இடத்தில் சான்சின் என்ற கட்டா நிற்கிறது.

2024 மார்ச் 10

நாமி-கயேஷி, அதாவது திரும்பும் அலை. நின்ற இடத்திலேயே ஒரு பாதத்தை மற்றத் தொடையின் உட்பக்கம் நோக்கி மடக்கி எடுத்து, அதே இடத்தில் மீண்டும் ஊன்றுவது. கவட்டை நோக்கி வரும் உதையைத் திருப்புவது என்பது ஒரு விளக்கம்; காலை வாரவரும் எதிராளியிடமிருந்து தப்புவது என்பது இன்னொன்று; எதிராளியின் முழங்காலின் உட்புறத்தை உதைத்து அவன் நிலையைக் குலைப்பது மூன்றாவது. நெருங்கிப் பிடித்திருக்கும் தொலைவில் மூன்றாவதே எனக்குப் பொருந்திப் போகிறது.

விளக்கத்தைவிடப் பயிற்சிதான் இங்கே கடினம். கால் எழும்போது இடுப்பு பக்கவாட்டில் சாயக்கூடாது, தலை உயரக்கூடாது, எடையை முன்கூட்டியே மற்றக் காலுக்கு மாற்றிக் காட்டிக்கொடுக்கவும் கூடாது. தலைக்கு மேல் ஒரு விரல் இடைவெளியில் நூல் கட்டிச் செய்து பார்த்தேன். முதல் நாள் இருபது முறைகளில் பதினாறு முறை தலை நூலைத் தொட்டது. மூன்று வாரங்களுக்குப் பிறகு ஐந்து.

2024 மார்ச் 17

"சுவர் விளக்கத்தை மறுக்கிறீர்களே, சுவரோரம் நின்று செய்து பார்த்தீர்களா?" என்று கேள்வியைத் தொடங்கிய நண்பர் கேட்டிருந்தார். சரியான கேள்வி. நான் செய்து பார்க்கவில்லை. நேற்று பார்த்தேன்.

குதிகால்களும் முதுகும் சுவரைத் தொட நின்றால் கட்டாவைத் தொடங்கவே முடியவில்லை. இடுப்புக்கு இழுக்கும் கையின் முழங்கை ஒவ்வொரு முறையும் முதுகுக்குப் பின்னே நீண்டு சுவரில் இடித்தது. முழங்கைத் தாக்குதலில் உடல் திரும்பும்போது பின்தோளும் இடித்தது. மார்ச் 3 அன்று எழுதியபடி பார்த்தால் இழுக்கும் கையே இந்தக் கட்டாவின் உயிர். சுவர் முதலில் பறிப்பது அதைத்தான். பிப்ரவரி 4 அன்று நான் தந்த காரணங்களைவிட இது வலுவான மறுப்பு. அன்றே பத்து நிமிடம் சுவரோரம் நின்றிருந்தால் அவற்றை எழுதியிருக்க வேண்டாம்.

ஆனால் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று செய்தபோது வேறொன்று தெரிந்தது. குறுக்கே கால் கடக்கும் ஒவ்வொரு முறையும் நான் அரை அடி பின்னே நகர்கிறேன். இரண்டாம் பாதி முடியும்போது முதுகு சுவரைத் தொட்டுவிட்டது. திறந்த வெளியில் இத்தனை ஆண்டுகளாக இது என் கண்ணில் படவில்லை. கோடு நேராக இருப்பதாக நான் நம்பியிருந்தேன்; அது நேராக இல்லை. கடக்கும் காலை இடுப்பு பின்வாங்கி வழிவிடுவதுதான் காரணம் என்று தோன்றுகிறது. இடுப்பு பின்வாங்கினால் அந்தக் கணத்தில் தள்ளுபவன் என்னைக் கவிழ்த்துவிடுவான்.

ஆகவே சுவர் சண்டைக்களம் அன்று என்ற என் கருத்தில் மாற்றமில்லை; ஆனால் சுவரோரம் பயில்வதில் பயன் இருக்கிறது. உங்கள் வகுப்பில் சொன்னவர்களுக்கு முன்னே கற்பித்த யாரோ ஒருவர் மாணவர்களைச் சுவரோரம் நிறுத்திப் பயிற்றியிருக்கலாம். காரணம் மறந்துபோய்ச் சுவர் மட்டும் கதையில் தங்கியிருக்கலாம்.

2024 மார்ச் 24

இந்த வாரம் முழுவதும் தொடக்க நிலையும் முதல் மூன்று அசைவுகளும் மட்டுமே செய்தேன். மூன்று நைஹான்சி கட்டாக்களைக் கற்கத் தமக்குப் பத்தாண்டுகள் ஆயின என்று ஃபுனாகோஷி எழுதியிருக்கிறார். தெக்கி கற்ற வயதில் அதை மிகைக்கூற்றாக நினைத்தேன். ஆறு நாட்களில் பின்னே நகர்வது அரை அடியிலிருந்து நான்கு விரலாகக் குறைந்திருக்கிறது. வலப்பக்கம் கடக்கும்போது மட்டும். இடப்பக்கம் இன்னும் தொடங்கவில்லை.